திருச்சிக்காரரின் பத்து

நவம்பர் 4, திங்கள்

காலைக் கூட்டத்தில் எங்கள் ஊர்நடை நிறுவன முதலாளி ஸ்ரீவத்சன் சார் குண்டைப் போட்டார். விமான நிலையத்தில் வைக்கும் அட்டையை மாற்றப் போகிறாராம்.

அது என் அட்டை. 'திருச்சிக்காரரின் பத்து' என்று தலைப்பு. கீழே என் படம், 'நாதன், ஊர்நடை வழிகாட்டி' என்று பெயர். சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்து இறங்குகிறவர்கள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது எடுத்துப் பையில் செருகிக்கொள்வார்கள். எங்கே சாப்பிடலாம், எங்கே காபி குடிக்கலாம், எதைப் பார்க்கலாம் என்று ஊர்க்காரன் ஒருவன் சொல்லும் பத்து இடங்கள். இரண்டு வருடமாக அந்த ஊர்க்காரன் நான்தான்.

இனிமேல் நாங்கள் மூன்று வழிகாட்டிகளும் ஆளுக்கொரு பட்டியல் எழுத வேண்டும். நடைக்கு வரும் விருந்தாளிகள் படித்துவிட்டு மதிப்பெண் போடுவார்கள். மாதக் கடைசியில் ஜெயிக்கும் பட்டியல் அச்சுக்குப் போகும். கோகுல் இதிலெல்லாம் ஆர்வமில்லாதவன். ஆக, போட்டி எனக்கும் தாரணிக்கும்.

தாரணி சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஈரோட்டுப் பக்கம். மஞ்சள் காடு வைத்திருக்கும் குடும்பம். சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் மத்தியப் பேருந்து நிலையத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் முதல் வாரம் அலைந்தவள். அவள் எழுதுவாளாம் ஊர்க்காரர் பட்டியல்.

கூட்டம் முடிந்ததும் என் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். "ஏனுங்க நாதன், இதுல இருக்குற எல்லா எடத்துலயும் நெசமாவே சாப்புட்டிருக்கீங்களா?"

"பார்க்குற இடமும் இருக்குல்ல அதுல."

"சரிங்க, சாப்புடற எடத்துல?"

"வேலையைப் பாருங்க" என்றேன்.

ஆறு சாப்பாட்டு இடங்களில் மூன்றில் சாப்பிட்டிருக்கிறேன். அதற்கென்ன? விருந்தாளிகளுக்கு வேண்டியது என் வயிறா, வழியா?

நவம்பர் 5, செவ்வாய்

பட்டியலைத் திருத்தி எழுதினேன். உச்சிப்பிள்ளையார் கோயிலுக்குக் காலை ஆறு மணிக்கு ஏறச் சொன்னேன். வெயில் வந்தபின் ஏறினால் பாறை உள்ளங்காலைப் பொரித்துவிடும். மேலே போனதும் கோயிலைப் பார்க்காதீர்கள், முதலில் காவிரியைப் பாருங்கள் என்று ஒரு வரி சேர்த்தேன். நன்றாக இருக்கிறது அந்த வரி. திருவானைக்காவலில் நெய் ரோஸ்ட், ஸ்ரீரங்கத்தில் டிகிரி காபி, உத்திர வீதி மாமி மெஸ்ஸில் புளியோதரையும் அக்காரவடிசிலும், கொள்ளிடப் பாலத்தில் சூரியன் இறங்குவது, கல்லணை.

படித்துப் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருக்கிறது. பாலக்கரையில் ஒன்றும் போடவில்லை. நான் பிறந்து வளர்ந்த இடம்தான். அங்கே விருந்தாளிக்கு என்ன இருக்கிறது பார்க்க?

நவம்பர் 7, வியாழன்

இன்று தாரணிக்கு நாலு பாராட்டுக் குறிப்பு. எனக்கு ஒன்று. அதிலும் 'தண்ணீர் பாட்டில் சூடாக இருந்தது' என்று எழுதியிருக்கிறது.

நவம்பர் 9, சனி

வாரம் ஒருமுறை எழுதிவிட வேண்டிய வீட்டு விஷயங்கள்: மிக்ஸி ஜார் ரப்பர் மாற்றியாயிற்று. மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. அம்மாவுக்கு முட்டிவலித் தைலம் வாங்கியாயிற்று.

மூன்று மணிக்கு வழக்கம்போல் கேஸ் சிலிண்டரை வண்டியில் ஏற்றிவிட்டுக் கிளம்பினேன். அம்மா எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டிக் கடை போட்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பீப் சுக்கா, குடல் வறுவல், ரத்தப் பொரியல், தொட்டுக்கொள்ள இட்லி. அப்பா இறந்துபோன வருடம் ஆரம்பித்தது. நான் படித்தது, பட்டம் வாங்கியது எல்லாம் அந்த இரும்புச் சட்டியில் வெந்ததுதான். வண்டியின் மேல்சட்டத்தில் ஓர் ஆணி, அதில் ஒரு ஜெபமாலை, அதோடு நான் கறுப்பு அங்கி போட்டு நிற்கும் பட்டமளிப்புப் படம். வருகிறவர்கள் எல்லாரிடமும் "என் புள்ள" என்று கரண்டியாலேயே காட்டுவாள்.

நான் கடை நேரத்தில் அந்தப் பக்கம் போவதில்லை. வேலை சரியாக இருக்கிறது.

நிறுவனத்தில் நான் நாதன். சேர்ந்த அன்று ஸ்ரீவத்சன் சார், "மகிமைநாதன்னு கெஸ்ட்டுக்கு வாயில நுழையாது, நாதன்னே வச்சுக்கலாம்" என்றார். நான் திருத்தவில்லை. பெயரில் பாதி போனதும் அதோடு பல விஷயங்கள் போய்விட்டன. ஸ்ரீரங்கம் நடை உள்ள நாட்களில் நெற்றியில் சந்தனம் வைத்துக்கொள்கிறேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை. வைத்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

தாரணி தன் பட்டியலில் முதல் இடத்தைக் கூட்டத்தில் அறிவித்தாள்.

"சார், பாலக்கரையில ஒரு அக்கா இருக்காங்க. தள்ளுவண்டி. பீப் சுக்கா போடறாங்க பாருங்க, நான் நாலு நாளா அங்கதான். இப்படி ஒண்ணு இந்த ஊர்ல இருக்குன்னு நம்ம அட்டையில ஒரு வரி இல்ல."

நான் கையிலிருந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தேன்.

ஸ்ரீவத்சன் சார் பேனாவை உருட்டினார். "பீப்பாம்மா? நம்ம கெஸ்ட்டுக்கு..."

"பாதிப் பேர் கேரளா, கோவா, மலேசியாவுல இருந்து வர்றாங்க சார். அவங்க கேக்கறாங்க. நாமதான் மறைக்கிறோம்."

"நீ சாப்பிடுவியா?"

"ஹாஸ்டல்ல பழகுனதுங்க சார். வீட்டுல தெரிஞ்சா எங்கப்பன் தோலை உரிச்சுப் போடுவாரு." சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

கடைசியில் அவர் சொன்னார்: "தைரியமான யோசனை. உன்னை மாதிரிப் பொண்ணு சொல்றதுதான் இதுல அழகே."

உன்னை மாதிரி என்றால் எப்படி மாதிரி? இதை நான் எழுதாமல் விட்டால் வயிறு வெடித்துவிடும். அவள் மாட்டுக்கறி தின்றால் அது சாகசம். வீட்டுக்குத் தெரியாமல் செய்த குறும்பு. நான் தின்றால் அது நான் யார் என்பதற்கு அத்தாட்சி. அவள் ஒரு சாயங்காலம் வந்து தட்டை நக்கிவிட்டுப் போய் ஊரைக் கண்டுபிடித்தவள் ஆகிவிடுகிறாள். நான் அந்தப் புகையிலேயே பிறந்தவன், சட்டையில் வாடை இருக்கிறதா என்று தினமும் மோந்து பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.

"நாதன், அந்தப் பக்கம் போயிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

நவம்பர் 14, வியாழன்

சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "புதுசா ஒரு பொண்ணு வருதுடா. ஈரோடாம். 'வாங்க போங்க'ன்னு என்னைய மரியாதையாக் கூப்பிடுது. கேள்வி கேட்டே கொல்லுது, மிளகு எப்பப் போடுவீங்க, பூண்டு எத்தனைன்னு."

"சொன்னியா?"

"கேட்டா சொல்லாம?"

என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

சிலிண்டர் ஏற்றும்போது பார்த்தேன், ஆணியில் ஜெபமாலை மட்டும் தொங்கியது. படம் எங்கே என்றேன். "எண்ணெய்ப் புகையில மங்குதுடா. துடைச்சு பீரோவுல வச்சிருக்கேன்" என்றாள். ஏழு வருடமாக மங்காத படம்.

நவம்பர் 16, சனி

பேருந்து நிறுத்தத்தில் நின்று எதிர்ப்பக்கம் பார்த்தேன். வேறு வேலையாகத்தான் அந்தப் பக்கம் போனேன்.

தாரணி அம்மாவின் முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெங்காயம் நறுக்க அம்மா யாரையும் விடமாட்டாள், தடியாகப் போய்விடும் என்று கத்தியைப் பிடுங்கிக்கொள்வாள். இன்று பிடுங்கவில்லை. என்னவோ சொன்னாள் தாரணி. அம்மா கரண்டியைச் சட்டியில் விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். அம்மாவுக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை. அது தெரியும்படி சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாளாகிறது என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

வாங்கிய டீ ஆறிப்போயிற்று. கீழே ஊற்றிவிட்டு வந்தேன்.

நவம்பர் 18, திங்கள்

ஸ்ரீவத்சன் சார் தனியாக இருக்கும்போது போய்ச் சொன்னேன். "சார், தாரணி சொல்ற அந்த வண்டி... நல்லாத்தான் இருக்கும். ஆனா சுத்தம் எப்படியோ தெரியல. கெஸ்ட்டுக்கு வயித்துக்கு ஏதாவது ஆச்சுன்னா பேரு கெடும்."

நிறுவனத்தின் நலனுக்காகச் சொன்னதுதான். எந்த வண்டிக்கும் பொருந்தும்.

அவர் அதை அப்படியே தாரணியிடம் சொல்லிவிட்டார், நான் சொன்னேன் என்பதையும் சேர்த்து. அவள் என் மேசைக்கே வந்துவிட்டாள். "நான் அங்க பாத்திரம் கழுவியிருக்கறனுங்க. நம்ம ஆபீஸ் டம்ளரைவிட அந்த வண்டியில தட்டு சுத்தமா இருக்கும். போகாமயே எப்படிங்க சொல்றீங்க?"

"பொதுவாச் சொன்னேன்."

"பொதுவாச் சொல்றதுக்கு அது பொதுக் கக்கூஸுங்களா?"

கோகுல் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனான்.

நவம்பர் 20, புதன்

வீட்டில் ஒரே சோப்பு வாசனை. அம்மா காலையிலிருந்து வண்டியைத் தேய்த்திருக்கிறாள். சக்கரத்தைக்கூட. மேல்தட்டுக்குப் புது வெள்ளைத் துண்டு, தண்ணீர்ப் பானைக்கு மூடி, கைக்கு உறை. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. என்ன திடீரென்று என்று நான் கேட்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, "கையக் கழுவிட்டு உக்காரு" என்றாள். எப்போதும் சொல்வதுதான்.

நவம்பர் 22, வெள்ளி

மதிப்பெண்: தாரணி 8.9, நான் 8.1, கோகுல் இன்னும் பட்டியலே எழுதவில்லை.

கொச்சியிலிருந்து ஒன்பது பேர் வருகிறார்கள், ஒரே வங்கிக் கிளையில் வேலை பார்ப்பவர்கள். 27ஆம் தேதி சாயங்காலம் தாரணியோடு பாலக்கரை நடை. ஒன்பது பேரும் அவளுக்குப் பத்துப் போட்டால் என் கதை முடிந்தது. ஸ்ரீவத்சன் சாரிடம் பேசி 26ஆம் தேதியே அவர்களை என் ஸ்ரீரங்கம் நடைக்கு எடுத்துக்கொண்டேன். மாமி மெஸ் சாப்பாடு நாக்கில் நிற்கும்போது மதிப்பெண் அட்டையை நீட்டிவிட வேண்டும். ஸ்ரீரங்கம் நடைத் தேதியைக் கோகுல்தான் குறிப்பான், அவன் வீட்டுக் காலண்டரைப் பார்த்து. இந்த முறை அவனைக் கேட்காமல் நானே குறித்தேன்.

நவம்பர் 26, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு ராஜகோபுரத்தடியில் தொடங்கினோம். சந்தனம் வைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையில். எங்கள் சட்டைப் பையில் மலைக்கோட்டைப் படம் தைத்திருக்கும். நான் நன்றாகத்தான் பேசினேன். ஏழு பிராகாரங்களையும் சுற்றிக் காட்டினேன். ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்களை எண்ண முயன்ற ஒருவரை எல்லாரும் கேலி செய்தார்கள். ரீனா என்று ஒரு அம்மாள், அந்தக் கூட்டத்துக்கு மேனேஜர், கேட்டார்: "நாதனோட வீடு இவிடேயோ?" பக்கத்தில்தான் என்றேன். மாமி மெஸ் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது, "எங்க வீட்டுல பண்ற மாதிரியே இருக்கும்" என்று வாயில் வந்துவிட்டது. இரண்டு வருடமாகச் சொல்லும் வரி, தானாக வரும்.

ஒரு மணிக்கு உத்திர வீதிக்குப் போனோம். மெஸ் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். மாமி ஈரத்தலையில் துண்டோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா?"

"ஒன்பது பேர் மாமி. சாப்பாட்டுக்கு."

"இன்னிக்கா? இன்னிக்கு ஏகாதசின்னா. இந்த ஆத்துல அரிசி அடுப்பேறாது." என் நெற்றியைப் பார்த்தார். "ஏம்ப்பா, உங்காத்துல பாக்க மாட்டாளோ?"

குரலில் கோபம்கூட இல்லை. கதவை மெல்லச் சாத்திக்கொண்டார். தெருவில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த நாள். கோகுலைக் கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பான். எங்கள் வீட்டுக் காலண்டரில் பெரிய வெள்ளி உண்டு, தவக்காலம் உண்டு. இது கிடையாது. இரண்டு வருடமாக நான் விற்றுக்கொண்டிருந்த வீட்டை நான் உள்ளே போய்ப் பார்த்ததே இல்லை என்பது ஒரு கதவு சாத்தும் நேரத்தில் தெரிந்துவிட்டது.

வேறு ஓட்டலுக்குப் போகலாம் என்றேன். ரீனா ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தார். தாரணியை அழைத்திருக்கிறார். போனைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்குக் கொண்டுபோற எடத்துக்கு இன்னைக்கே போலாம்னு சொல்லிட்டாங்க" என்றார். வேன் திரும்பியது. நான் வேனில் உட்கார்ந்திருந்தேன். இறங்கிக்கொள்ளலாம் என்று மூன்று சிக்னல்களில் நினைத்தேன்.

எங்கள் தெருமுனையில் தாரணி நின்றிருந்தாள். கடைக்கு இன்னும் நேரமிருந்தது, அம்மா அப்போதுதான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். சட்டியில் சுக்கா வீட்டிலேயே வெந்து தயாராக இருந்தது. சிலிண்டர் தரையில் இருந்தது. அதை ஏற்றுகிறவன் நான்தான். கால் தானாகப் போயிற்று. குனிந்து கைப்பிடியைப் பிடித்துவிட்டேன்.

அம்மா என் கையை விலக்கினாள். "நீங்க விடுங்க சார். வெள்ளைச் சட்டை, அழுக்காயிடும்."

நான் நிமிர்ந்தேன். அம்மாவும் தாரணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினார்கள். அம்மாவின் முட்டி மடங்குவதைப் பார்த்தேன். ஒன்பது பேரும் பார்த்தார்கள்.

பிறகு எல்லாருக்கும் தட்டு வந்தது. கொச்சிக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "சேச்சி, இது வேற லெவல்" என்றார். "இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்க சாமி, பசியோட வந்திருக்கீங்க" என்று அம்மா வைத்துக்கொண்டே போனாள். தாரணி என் பக்கம் திரும்பி, "நாதன், நீங்க ஒரு வாய்?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "சார் சாப்பிட மாட்டாங்கம்மா. நெத்தியப் பாரு, சாமி கும்புடுறவங்க." என்னைப் பார்த்து, "உங்களுக்கு வேணும்னா வெறும் இட்லி தரட்டுங்களா சார்?" என்றாள்.

"வேணாம்மா" என்றேன்.

இந்த ஊரில் எல்லாரும் எல்லாப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

நவம்பர் 27, புதன்

காய்ச்சல் என்று விடுப்புச் சொன்னேன். காய்ச்சல் இல்லை. அம்மா ரசம் வைத்துக் கொடுத்தாள். நேற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று மணிக்குச் சிலிண்டரை ஏற்றப் போனேன். "நான் பக்கத்து வீட்டு சகாயத்தை வச்சு ஏத்திட்டேன்" என்றாள்.

நவம்பர் 29, வெள்ளி

முடிவு. கொச்சிக்காரர்கள் ஒன்பது பேரும் தாரணிக்குப் பத்துக்குப் பத்து. எனக்கு ஒருவர் இரண்டு போட்டு, 'நல்ல மனிதர், ஆனால் பட்டினி போட்டார்' என்று எழுதியிருந்தார்.

ஸ்ரீவத்சன் சார் கைதட்டினார். மாதிரிக்கு அச்சடித்த அட்டையை எடுத்து தாரணியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். என் படம் இருந்த இடத்தில் அவள் படம். முதல் இடத்தை வாசித்தாள்: "சவுந்தரி அக்கா கடை, பாலக்கரை. இந்த ஊரில் நான் கண்டுபிடித்த..."

"கண்டுபிடிச்சீங்களா?" என்று என் குரல் கேட்டது. "இருபத்திரண்டு வருஷமா அங்கேயேதான் நிக்குது அந்த வண்டி."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்? நீங்கதான் போனதே இல்லன்னீங்களே."

"அது எங்க அம்மா."

நல்ல மனசு வந்து நான் இதைச் சொல்லவில்லை. குற்ற உணர்ச்சியாலும் இல்லை. இங்கே யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் உள்ளதை எழுதுகிறேன். தாரணி படத்துக்குக் கீழே என் அம்மா அச்சாகப் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பொறாமையில் சொன்னேன்.

கோகுல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்ரீவத்சன் சார்தான் முதலில் வாயைத் திறந்தார். "இதுல என்ன இருக்கு நாதன். நான் அதெல்லாம் பாக்குறவன் இல்ல. ஃபைல்ல முழுப் பேரும் இருக்கு, எனக்குத் தெரியும். ஆனா..." ஆனாவுக்குப் பிறகு இருந்ததை டீயோடு சேர்த்து விழுங்கினார். டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஸ்ரீரங்கம் நடைய இனிமே கோகுல் பார்க்கட்டும். நீங்க பாலக்கரை எடுத்துக்கங்க. உங்க ஏரியாதானே, இன்னும் நல்லாப் பண்ணுவீங்க."

தாரணி சொன்னபோது அது தைரியம். நான் சொன்னபோது அது ஏரியா.

தாரணி மாடிப்படியில் என்னை மறித்தாள். அழுதிருக்கிறாளா கோபமா என்று தெரியவில்லை. மூன்று மாதத்தில் முதல்முறையாக அவள் வாயில் 'ங்க' வரவில்லை.

"சுத்தமில்லன்னு சொன்னியே. உங்க அம்மாவையா சொன்ன?"

நான் கீழே இறங்கிவிட்டேன்.

"அன்னைக்கு அந்தம்மா முட்டி மடங்குனத நீ பாத்துட்டுத்தான நின்ன?" என்று மேலிருந்து கத்தினாள். தெருவில் பூக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளை வெறுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கிடைப்பதெல்லாம் எனக்கு ஏன் கிடைப்பதில்லை என்று கேட்க உரிமை இருக்கிறது, இன்றும் இருக்கிறது. ஆனால் சிலிண்டரை அவள்தான் பிடித்தாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

காலைப் பூசை முடிந்து அம்மா வந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைக்குப் போனேன், பேருந்து நிறுத்தத்தில் நிற்காமல், நேராக. நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, ஆபீசுல சொல்லிட்டேன்."

சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியும். அந்தப் பொண்ணு வந்துட்டுப் போச்சு" என்றாள். "எதுக்குடா சொன்ன? நான்தான் சமாளிச்சுக்கிட்டு இருந்தேன்ல. வேலையத் தூக்கிட்டான்னா?"

"தூக்கல. மாத்திட்டாங்க."

"ம்."

"அவ எங்க ஆபீசுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. சட்டையில மலைக்கோட்டை போட்டிருந்துச்சு. வாரத்துக்கு ஆறு நாள் அந்தச் சட்டையத் தோய்க்கிறவ நான்."

படம் பீரோவுக்குப் போன நாளைக் கணக்குப் பார்த்தேன். வண்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்த நாளையும்.

"அப்ப, சுத்தமில்லன்னு சொன்னது..."

ஒருவருக்கு இட்லி வைத்தாள். ஒருவரிடம் தட்டை வாங்கினாள். அதற்குப் பிறகுதான் பதில் வந்தது.

"நாதன்னு ஒருத்தர் சொன்னாருன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நம்ம வீட்டுல அந்தப் பேர்ல யாரும் இல்லையேன்னு நெனச்சுக்கிட்டேன். என் புள்ள பேரு மகிமைநாதன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் குழம்பு கேட்டார். நான் வாளியை எடுத்து ஊற்றினேன். அதிகமாக ஊற்றிவிட்டேன், இட்லி மிதந்தது. "பாத்து ஊத்து தம்பி" என்றார் அவர். அம்மா வாளியை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். பிடுங்கவில்லை, வாங்கினாள்.

மேல்சட்டத்து ஆணியைப் பார்த்தேன். ஜெபமாலைக்குப் பின்னால் தாரணியின் அட்டை குத்தியிருந்தது.

"இது எதுக்கு இங்க? எடுத்துரும்மா."

"ஏன் எடுக்கணும்? சரியாத்தானே எழுதியிருக்கு. படிச்சுப் பாரு."

படித்தேன். 'குடல் வறுவலில் சோம்பு கிடையாது, மிளகும் பூண்டும் மட்டுமே. ரத்தப் பொரியல் ஆறு மணிக்குள் தீர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்துதான் அடுப்புப் பற்றவைப்பார், காத்திருங்கள். அவர் பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள், முகம் மலரும்.'

சோம்பு உண்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். இருபத்தேழு வருடம் தின்றிருக்கிறேன். கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். அதை எழுதும்போது அந்தப் பிள்ளை யார் என்று அவளுக்குத் தெரியாது.

"என் படத்த எங்க மாட்டுவ அப்ப?"

"பீரோவுல பத்திரமா இருக்கு. அவசரம் என்ன?" கரண்டியால் சட்டத்தைத் தட்டினாள். "நீயும் ஒண்ணு எழுதிக்கிட்டு வா. நல்லா இருந்தா பக்கத்துல இன்னொரு ஆணி அடிச்சுக்கலாம்."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். 'திருச்சிக்காரரின் பத்து' என்று மேலே எழுதி, கீழே பெயரை முழுசாக எழுதினேன். ஒன்று என்று எண் போட்டேன். அதற்கப்புறம் கை ஓடவில்லை. சுக்காவுக்கு மிளகு எப்போது போடுவாள்? பூண்டு எத்தனை? தாரணிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

நாளை மூன்று மணிக்கே போய்விட வேண்டும். சிலிண்டரை ஏற்றிவிட்டு அங்கேயே இருக்க வேண்டும். முக்காலியில் தாரணி வந்து உட்காருவதற்கு முன்னால்.